தனபாலன் அண்ணன் தோற்ற ஆட்டம்

திங்கட்கிழமை காலை சுங்கை காடுட் தொழிற்சாலைக்குப் போகும் வேனில் உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. தனபாலன் அண்ணன் போய்விட்டார். அனுப்பியவர் அவருடைய மச்சான் முருகையா. வெறும் செய்தியாக அனுப்பவில்லை. பூ வளையத்துக்குள் அண்ணனின் படத்தை வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி, கீழே கொட்டை எழுத்தில் ஒரு வாசகமும் போட்டிருந்தார். 'தோல்வியே அறியாத எங்கள் ஆட்ட நாயகன் மறைந்தார்.'

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தோல்வியே அறியாதவராம். அந்த மனிதரை நானே தோற்கடித்திருக்கிறேன். பாலாய் மண்டபத்தில், அத்தனை பேர் கண்ணெதிரில், அவர் மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோற்கடித்தேன். முருகையாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அழுகை வந்தது தொழிற்சாலை வாசலில் இறங்கிய பிறகுதான். அதுவும் துக்கமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி முருகையா என்னைத்தான் கேட்டார். "ஒனக்குத்தான் தமிழு நல்லா வரும்லா, எழுதிக் குடு விமலா" என்றார். எழுதிக் கொடுத்தேன். அண்ணன் தோற்றதையும் எழுதியிருந்ததால் போட மறுத்துவிட்டார். அதனால் அண்ணனை அறிந்த உங்களுக்காக, அதைவிட நீளமாக, இங்கே எழுதுகிறேன்.

எங்கள் எஸ்டேட் ஆட்களில் பாதிப்பேர் இப்போது சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள தாமான் குடியிருப்பு வீடுகளில் இருக்கிறோம். ரப்பர் பால்மரம் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்து, அதிலும் பாதி நிலம் வீடுகட்டப் போய்விட்டது. ஆனாலும் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் எஸ்டேட் என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை சாயங்காலம் பாலாயில், அதாவது எங்கள் பொது மண்டபத்தில், எல்லாரும் கூடுவோம். கூடி என்ன செய்வோம் என்றால், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்போம். தனபாலன் அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. அவர் என் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியே பழகியவருக்கு மனிதர்கள் இப்படிச் சிதறிக் கிடப்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு நாள் வேனில் என்னிடம், "இனிமே சனிக்கிழம கேம் நைட்டு. மேச மேல வெச்சு வெளையாடற கேமு. மூளைக்கு வேல குடுக்கற கேமு. நீ கட்டாயம் வரணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் ஒரு போர் ஆட்டம். தொழிற்சாலை எஞ்சினியர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தார். பெட்டி நிறையச் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிப்பாய்கள். அதன் விதிகளை அண்ணன் விளக்க ஆரம்பித்தார். விளக்கினார், விளக்கினார், மீ கோரேங் நூடுல்ஸ் ஆறி வில்லையாகிப் போகும்வரை விளக்கினார். "இப்ப ஆரம்பிக்கலாமா?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் அவர் மனைவி ருக்குமணி அக்கா மட்டும் விழித்திருந்தார். அவரும் பாத்திரம் கழுவுவதற்காகக் காத்திருந்தவர்.

அடுத்தது ஒரு சீட்டாட்டம். ராஜா சீட்டு கிடைத்தவரை மற்றவர்கள் சேர்ந்து சிம்மாசனத்திலிருந்து இறக்க வேண்டும். முதல் கையிலேயே ராஜா சீட்டு எங்கள் கோயில் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான். தலைவரை யார் இறக்குவது? ஆளாளுக்கு நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "பாஸ்" சொன்னார்கள். சாயங்காலம் முழுக்க அவர்தான் ராஜா. கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், "யாராச்சும் என்ன எறக்குங்களேன்லா, ஒண்ணுக்குப் போவணும்" என்று கெஞ்சினார். அப்போதும் யாரும் இறக்கவில்லை. எழுந்து வழிதான் விட்டார்கள்.

உளவாளியைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஒன்று வந்தது. உளவாளி சீட்டு கிடைத்ததும் ருக்குமணி அக்கா எழுந்து நின்று "நான்தாங்க அது" என்று சொல்லிவிட்டார். சாலை போடும் ஆட்டம் ஒன்று வந்தது. அதில் ஒருவர் சாலையை இன்னொருவர் மறித்துவிட, இரண்டு குடும்பமும் தீபாவளி வரைக்கும் முகம்கொடுத்துப் பேசவில்லை. வேலியோரத்து முருங்கைக்கீரை கைமாறுவதுகூட நின்றுபோனது. எனக்கு வெறுத்தே போய்விட்டது. "விடுங்கண்ணே, நமக்கு இதெல்லாம் ஒத்துவராது. தாயக்கட்டையே போதும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நம்ம ஆளுங்களுக்கு ரெண்டுதான் தெரியும் விமலா. ஒண்ணு விட்டுக்குடுக்கறது. இல்லாட்டி வெட்டிக்கிறது. ரெண்டுக்கும் நடுவுல வெளையாடறதுன்னு ஒண்ணு இருக்கு. அதத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன்."

அது கிடைத்தது சிரம்பானை ஒட்டிய ராசா டவுனில். ஒரு பழைய எழுதுபொருள் கடையை மூடப்போகிறார்கள் என்று சாமான்களை வாசலில் மேசை போட்டு அடுக்கியிருந்தார்களாம். பேரப்பிள்ளைக்குக் கலர் பென்சில் வாங்கப் போனவர், வெயிலில் மேல்மூடி வெளுத்துப்போன ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியில் ஆட்டத்தின் பேரே அழிந்துவிட்டிருந்தது. உள்ளே இருந்த விதிப்புத்தகம் எங்கள் யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு வெள்ளைக்காரர் மொழியில் இருந்தது. நல்லவேளையாகப் படங்கள் இருந்தன. தொழிற்சாலை கேண்டீனில் ரோத்தி சானாய் தட்டை ஒதுக்கிவிட்டுப் பலகையை விரித்தார். ஓய்வு நேரம் பூராவும் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு நாங்கள் சண்டை போட்டோம். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வார். சைரன் அடித்த பிறகும் பலகையை மடிக்க விடமாட்டார். அவரோடு சேர்ந்து நானும் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது புரியாது. பலகையில் மலையிலிருந்து கடல் வரைக்கும் ஒரு ஆறும் அதன் கிளையாறுகளும் ஓடும். கரையில் ஆளாளுக்கு வயல் வைக்க வேண்டும். எல்லாரிடமும் கொஞ்சம் மரக் கேட்டுகள், அதாவது மதகுகள், இருக்கும். உன் வயலுக்குக் கீழே கேட்டைப் போட்டு ஆற்றை மூடினால் தண்ணீர் தேங்கி உன் வயல் பச்சையாகும். கேட்டுக்குக் கீழே இருப்பவன் வயல் காயும். மூடியதைத் திறக்க வேண்டுமென்றால் கையிலிருந்து ஒரு கேட்டைச் செலவழிக்க வேண்டும். கடைசியில் யாருக்குப் பச்சை வயல் அதிகமோ அவர் ஜெயித்தார். அண்ணன் வளைவுக்கு வளைவு நம் ஊர்ப் பேரை வைத்துவிட்டார். கடல் போட்டிக்சன். நடுவில் வரும் பெரிய வளைவு சிரம்பான். மலையடிவாரம் கோலா கிளாவாங். அங்கே ஒரே ஒரு வயல் வைக்கத்தான் இடம் உண்டு, அதனால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். ஆட்டத்துக்குப் பேர் தெரியாததால் நாங்கள் 'ஆத்து கேம்' என்றோம்.

முதல் சனிக்கிழமை நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வயலெல்லாம் நன்றாக வைத்தார்கள். கேட்டைப் போடும் நேரம் வந்ததும் கை வரவில்லை. முருகையா கேட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்து நெளிந்தார்.

"கீழ மச்சான் வயலு இருக்குலா. எப்படிலா மூடறது?"

"இது கேமு மச்சான். மூடுங்க!"

"பரவால்ல மச்சான். நீங்க மொதல்ல மூடுங்க."

"என் முறை இன்னும் வரல. மூடுங்கன்னா மூடுங்களேன்!"

"வேணாம் மச்சான். நான் வயலே வெச்சுக்கறேன்."

கோயில் தலைவர் வயலுக்கு மேலே யாருமே கேட் போடவில்லை. அவரும் பெரிய மனது பண்ணி யாரையும் மூடவில்லை. யாரும் தடுக்காத தண்ணீர் சுற்றுக்குச் சுற்று ஓடிக் கடலில் விழுந்துகொண்டே இருந்தது. கடலில் விழும் தண்ணீரைக் காட்ட ஓரத்தில் ஒரு நீலக் காய் நகர்ந்துகொண்டிருந்தது. அது கோட்டின் முடிவைத் தொட்டதும் அண்ணன் விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். ஆட்டக்காரர்கள் எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டிருக்க, கடல் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கும் படம். அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நானும் அவரும் கேண்டீனில் தாண்டிப்போன படம் அது. யாரும் யாரையும் மூடாவிட்டால் கடல்தான் ஜெயிக்கும், மற்ற எல்லாரும் தோற்பார்கள். அதுதான் விதி.

அண்ணன் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பாத்துக்குங்கலா! நம்ம மரியாதைய பூரா கடல் குடிச்சிருச்சு!"

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். மரியாதை பார்த்தால் மரியாதைக்கு உரியவரும் சேர்ந்து தோற்றுப்போகிற ஆட்டம். மூடுவது பகையில்லை, மூடாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் கேடு என்று அந்தப் பலகையே சொன்னது. அடுத்த ஆட்டத்தில் முதல் கேட்டைப் போட்டவர் யார் தெரியுமா? ருக்குமணி அக்கா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, சொந்த அண்ணன் முருகையாவின் வயலுக்கு மேலே டக்கென்று வைத்தார்.

"அடிப்பாவி, கூடப் பொறந்தவன் வயல காயப் போடறியே!"

"தீவாளிக்குச் சேல எடுத்துத் தரேன்னு சொல்லி எத்தன தீவாளி போச்சு? காயட்டும்."

பாலாயே அதிர்ந்தது. கோயில் தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே முருகையாவின் இன்னொரு வயலையும் மூடினார். ஆட்டம் முடிந்ததும் யாரும் யாரோடும் கோபித்துக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த உணவை எப்போதும்போல ஆளுக்குக் கொஞ்சம் கட்டிக்கொண்டு போனோம். அன்று முதல் சனிக்கிழமை என்றால் ஆத்து கேம்தான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தனபாலன் அண்ணன் இந்த ஆட்டத்தில் அதிகமாகத் தோற்றவர். இதைச் சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள், வாருங்கள். அவர் கையில் கேட் நிற்கவே நிற்காது. கிடைத்ததும் எடுத்துப் போட்டுவிடுவார், கடைசியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் தோற்பதில் அவரைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. தோற்றவுடன் பலகையைக் கலைக்க விடமாட்டார். ஜெயித்தவரின் கையைப் பிடித்து உட்காரவைத்து, "நான் எங்க விட்டேன்? சொல்லு" என்று கேட்பார். அவர் விட்ட இடத்தை நாம் காட்ட வேண்டும். காட்டினால் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். ருக்குமணி அக்காவிடம் தோற்ற நாளில் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு போனாராம். அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வார். அவருக்கு ஜெயிப்பது ஒரு சந்தோஷம் என்றால், தான் விட்ட இடத்தைத் தெரிந்துகொள்வது அதைவிடப் பெரிய சந்தோஷம்.

அப்புறம் அவருக்குக் கிட்னி போனது. வேலையை விட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சிரம்பானில் டயாலிசிஸ். உடம்பு உருகிச் சட்டைக்குள் தொலைந்துபோனார். ஆனால் சனிக்கிழமை மட்டும் தவறாமல் வந்துவிடுவார். அவர் வந்ததும் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். யாரும் கூடிப் பேசவில்லை, முடிவெடுக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் ஒன்றுபோலச் செய்தார்கள். தங்களுக்குள் மட்டும் மூடிக்கொண்டார்கள், அவர் வயலுக்கு மேலே யாரும் கேட் போடவில்லை. போட்டிருந்த கேட்டையும் தங்கள் கையிலிருந்து செலவழித்துத் திறந்துவிட்டார்கள். அவர் ஜெயித்தார். அடுத்த வாரமும் ஜெயித்தார். அதற்கடுத்த வாரமும் அவரே. கைதட்டல் வேறு. எனக்குக் காலை மாலை இரண்டு ஷிஃப்ட் மாறி மாறி இருந்ததால் அந்த வாரங்களில் நான் பாலாய்க்குப் போகவில்லை. முருகையா அனுப்பிய படங்களைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் அண்ணன் கழுத்தில் மாலை. ஒவ்வொரு படத்திலும் முகத்தில் சிரிப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தார்.

"நேத்து வேணும்னே தப்பா ஆடுனேன் விமலா. சின்னப் புள்ளகூட ஆடாது அப்படி. வயல கடலுக்குள்ளயே வெக்காத கொறதான். அப்பவும் என்னய ஜெயிக்க வெச்சுட்டாங்க."

"பாசம்ண்ணே. என்ன செய்வாங்க?"

"பாசமா? உசுரோட இருக்கறப்பவே எனக்குக் கருமாதி பண்றாங்கலா. நாந்தான் மேசையில உக்காந்திருக்கேன். ஆனா எங்கூட யாரும் வெளையாடல."

பிறகு, "வர்ற சனிக்கிழம நீ வா. வந்து வெளையாடு" என்றார். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு போனேன்.

போய் ஆடினேன். உண்மையாகவே ஆடினேன். அவரும் சும்மா இல்லை, பழைய வேகத்தோடு வந்தார். சிரம்பான் வளைவுக்குக் கீழே போட்டிக்சன் வரைக்கும் வயலாக வைத்துத் தள்ளினார். நான் வளைவில் என் வயல்களை வைத்துவிட்டு, பக்கத்துக் கிளையாற்றில் ஒரு கேட்டைப் போட்டு, திறந்தால் அவர் வயலுக்கு இன்னும் தண்ணீர் வரும் என்று ஆசை காட்டினேன். அதைத் திறக்கத் தன் கடைசிக் கேட்டைச் செலவழித்தார். அதற்காகவே காத்திருந்த நான் பெரிய ஆற்றைச் சிரம்பானில் மூடினேன். கீழே அவருடைய வயல் மொத்தமும் காய்ந்தது. திறக்க அவர் கையில் கேட் இல்லை.

முருகையாதான் முதலில் பேசினார். "என்னம்மா நீ, மனசாட்சியே இல்லியா? ஒரு சீக்காளி மனுசன்கிட்ட போயா ஒன் வீரத்தக் காட்டறது?" பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்கு வைத்திருந்த தே தாரேக் டீயை யாரோ எடுத்துக் குடித்துவிட்டார்கள். ருக்குமணி அக்கா மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஆற்றை மலையிலிருந்து கடல் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நான் எங்க விட்டேன்? சொல்லு."

"கடைசிக் கேட்ட எதுக்குக் கெளையாத்துல விட்டீங்க? அத வெச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"ஆமால்ல!" தொடையில் தட்டிக்கொண்டார். "இன்னிக்குத்தான் நான் கேமுல இருந்தேன் விமலா. அடுத்த வாரம் வா. ஒன்ன விடமாட்டேன்."

அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. என் எரிச்சலில் ஒரு பங்கு அவர் மேலேயும் இருக்கிறது. 'விடமாட்டேன்' என்று சொன்ன மனிதர் இப்படி விட்டுவிட்டுப் போகலாமா?

இறுதிச் சடங்கில் பேசியவர்கள் எல்லாரும் அந்த மாலை போட்ட வாரங்களைப் பற்றியே பேசினார்கள். எதிரியே இல்லாத ஆட்டக்காரர் என்றார்கள். அவரை வெல்ல ஆளில்லை என்றார்கள். அவர் ஆடிய நல்ல ஆட்டங்களைப் பற்றி, ருக்குமணி அக்காவிடம் தோற்ற ஆட்டத்தைப் பற்றி, மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்த அந்த முதல் சனிக்கிழமையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருமாதி முடிந்து வரும் சனிக்கிழமை அவர் நினைவாக ஆத்து கேம் வைப்பதாக முடிவாயிற்று. அதற்குப் பேனர் அடிக்கும் பொறுப்பு முருகையாவுக்கு. 'தோல்வியே காணாத வீரர்' என்று அச்சுக்குக் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"இத எடுத்துருங்கண்ணே. அவரு தோத்தாரு. தோத்துட்டுச் சிரிச்சாரு. நீங்களும் பாத்தீங்க."

"செத்த மனுசன தோத்தாருன்னு பேனர்ல போடச் சொல்றியா? ஊரு காறித் துப்பும்."

"தோத்தாருன்னு போட வேணாம். பொய்யப் போடாதீங்க, அது போதும். அவருக்குப் புடிக்காதத அவரு தலைக்கு மேல கட்டித் தொங்கவிடாதீங்க."

முருகையா கத்துவார் என்று நினைத்தேன். நானும் பதிலுக்குக் கத்தத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் சக்கர, பிரஷரு. இல்லாட்டி ஒரு கிட்னிய கழட்டிக் குடுத்திருப்பேன் என் தங்கச்சி புருசனுக்கு. டாக்டரு வேணாம்னுட்டாரு. வேற என்னத்தக் குடுக்க முடிஞ்சுச்சு என்னால? கேட்டத்தான தொறந்துவிட முடிஞ்சுச்சு?"

அவர் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். ஆனாலும் சொல்கிறேன், அந்த மனிதர் கேட்டது அதுவல்ல. பாவம் முருகையா, தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். தனபாலன் அண்ணனோ கடைசிவரை சக ஆட்டக்காரனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பேனர் அப்படியேதான் அச்சாகி வந்தது.

அந்தச் சனிக்கிழமை பாலாயில் பேனருக்குக் கீழேதான் மேசை போட்டிருந்தார்கள். அண்ணன் உட்காரும் இடத்தில் ருக்குமணி அக்கா வந்து உட்கார்ந்தார். எதிரில் யாரும் உட்காரவில்லை. "விமலா, வா" என்று அவரே கூப்பிட்டார். கோயில் தலைவரும் முருகையாவும் மற்ற இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. எதிர்பார்த்ததுதான் நடந்தது. அக்கா வயல் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. முருகையா தன் கேட்டுகளை எல்லாம் கிளையாறுகளில் வீணடித்தார். தலைவர் தான் போட்ட கேட்டைத் தானே திறந்துவிட்டார். இவரையும் இப்படியே ஜெயிக்கவைத்து ஓரத்தில் உட்காரவைக்கப் போகிறார்கள்.

அக்காவின் ஆட்டமும் விசித்திரமாக இருந்தது. முதலிலேயே கோலா கிளாவாங்கில், யாரும் வைக்காத அந்த ஒற்றை இடத்தில், ஒரு வயலை வைத்தார். "அங்க எதுக்கும்மா?" என்று முருகையா கேட்டதற்கு, "சும்மா இருக்கட்டும், மலைக்காத்து நல்லாருக்கும்" என்றார். பிறகு அண்ணனைப் போலவே போட்டிக்சன் வரைக்கும் வயலாக வைத்துக்கொண்டு போனார். நான் சிரம்பான் வளைவில் இருந்தேன்.

கடைசிச் சுற்று. என் கையில் ஒரு கேட். அக்கா கையிலும் ஒன்று. நெற்றியில் பொட்டில்லாத அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கும் ஒரு கணம் கை வரவில்லை. முருகையா எனக்கு மட்டும் தெரியும்படி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன விமலா, எனக்கும் கருமாதியா?"

சிரம்பானை மூடினேன். அக்காவின் கீழ் வயல்கள் மொத்தமும் காய்ந்தன. மண்டபத்தில் அதே உச்சுக்கொட்டல். அதே முகச்சுளிப்பு.

அக்கா அவசரப்படவில்லை. தன் கடைசிக் கேட்டை எடுத்தார். என் கேட்டைத் திறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கை மேலே போனது. கோலா கிளாவாங்கில் அந்த ஒற்றை வயலுக்குக் கீழே கேட்டை வைத்தார். ஆறு மலையடிவாரத்திலேயே நின்றுவிட்டது. என் வயல் எல்லாம் காய்ந்தது. தலைவருக்கும் முருகையாவுக்கும் காய்ந்தது. அக்காவுக்கும் மலையிலுள்ள அந்த ஒன்றைத் தவிர ஒரு வயலும் மிஞ்சவில்லை. பலகையிலேயே பச்சையாக இருந்தது அந்த ஒரு வயல்தான். அக்கா ஜெயித்துவிட்டார்.

"நீ சிரம்பான்லதான் மூடுவன்னு சொன்னாரு" என்றார் அக்கா. "ஆஸ்பத்திரிக் கட்டில்ல போர்வைய மடிச்சு மடிச்சு ஆறு மாதிரி வெச்சுக்கிட்டு எந்நேரமும் இதே பேச்சுதான். விமலா எங்க மூடுவா, அவள எங்க மூடலாம்னு. நர்சுங்ககூடச் சிரிப்பாங்க. சாவறதப் பத்தி ஒரு வார்த்த பேசலம்மா அவரு. ஒன்ன ஜெயிக்கறதப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாரு."

முருகையா அண்ணாந்து பேனரைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார். அந்தப் பேனரை இப்போது பாலாய் வாசலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் வேன் அதைத் தாண்டிப் போகும்போது எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது. நீங்கள் அதைப் படித்தால் நம்பாதீர்கள். அவர் நிறையத் தோற்றார், நன்றாகத் தோற்றார், அதை விரும்பினார். அவரை அறிந்தவர்கள் வீட்டில் யாராவது நோயில் படுத்தால் கஞ்சி கொடுங்கள், காலைப் பிடித்துவிடுங்கள், ஆனால் எதிரில் உட்கார்ந்து ஆடவும் செய்யுங்கள்.

என்னிடம் அவருடையது என்று ஒன்றுதான் இருக்கிறது. ஆத்து கேம் பெட்டியை நான் கேட்கவில்லை, அது ருக்குமணி அக்காவிடம் இருப்பதுதான் சரி. அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் முருகையா பலகையைக் கலைக்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். ருக்குமணி அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். என்னை அறியாமலே வாயில் வந்தது.

"அக்கா, நான் எங்க விட்டேன்? சொல்லுங்க."